ரேஸ் ஏறுது, வண்டி ஏறலை!

கே: 2001 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம்தான் கூடுகிறது. வண்டி தாமதமாகத்தான் பிடிக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் பண்ணியே ஆகணும் என்கிறார் மெக்கானிக். இறக்கச் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

ப: இன்றைக்கு வேண்டாம் ஐயா. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள்.

ஆட்டோமேட்டிக் பெட்டியில் உங்கள் இடது காலின் வேலையைச் செய்வது எண்ணெய். உள்ளே இருப்பது ஒரே ஒரு கிளட்ச் அல்ல, பல கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் உராய்வுத் தட்டும் இரும்புத் தட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். பம்ப் அனுப்பும் எண்ணெய் ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் தட்டுகளை நெருக்கும், அதன் பிறகே சக்கரத்துக்கு விசை போகும். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. காற்று அமுங்கும் பொருள். அது கலந்த எண்ணெயால் பிஸ்டனை இறுக்கித் தள்ள முடியாது. தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். நீங்கள் கேட்கும் வெற்று உறுமல் அதுதான்.

அளவு பார்ப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். பெரும்பாலான கார்களில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’-யில் வைத்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அப்படி இல்லை. சூடான என்ஜினை அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். முறை மாறினால் காட்டும் அளவும் மாறும். குறைவாக இருந்தால் சரியான எண்ணெயை ஊற்றி ஓட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள். அளவுக்கு மேல் இருந்தாலும் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கி, அதே ஸ்லிப்பைத்தான் கொண்டுவரும். இந்த எண்ணெய் என்ஜின் ஆயிலைப் போல எரிந்து குறைகிற பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஆக்சில் சீல், கூலருக்குப் போகும் ஹோஸ் ஆகிய இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகும் வழுக்கினால் இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.

கே: அளவு சரியாக இருக்கிறது. ஆனால் எண்ணெய் கறுப்பு. (விருதுநகர்)

ப: முகர்ந்து பாருங்கள். கரிந்த வாடை அடித்தால், கறுப்பாகத் தெரிவது உராய்வுத் தட்டின் துகள். சம்பைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் வயதான பெட்டியில் அது இயல்பு. மினுமினுக்கும் உலோகச் செதில்களும் கறுப்புத் துணுக்குகளும் கிடந்தால் உங்கள் பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

கே: கொரோலா 110. காலமை ஸ்டார்ட் பண்ணி ‘டி’ போட்டால் ரெண்டு மூண்டு செக்கன் கழிச்சுத்தான் இழுக்குது. பத்து நிமிஷம் ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. விடலாமோ? (யாழ்ப்பாணம்)

ப: விடாதீங்கோ. குளிரில் வழுக்கி, சூட்டில் சரியாகிறது என்றால் நான் முதலில் சந்தேகிப்பது சீல்களை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல், இருபது இருபத்தைந்து வருடம் சூடான எண்ணெயிலேயே கிடந்து இறுகிப்போகிறது. காலையில் அது விறைத்து நிற்பதால் ஓரத்தில் எண்ணெய் கசிந்து அழுத்தம் வீணாகிறது. சூடானதும் சற்று இளகி மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு காலையும் அந்த இரண்டு மூன்று நொடியில் தட்டுகள் தேய்கின்றன. சீலை மட்டும் மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை, தள்ளிப்போட்டால் தட்டுகளையும் மாற்றுகிற வேலையாக வளர்ந்துவிடும்.

கைக்கடிகாரம் போதும், நீங்களே அளக்கலாம். என்ஜின் சூடான பிறகு பிரேக்கை அழுத்தி, ‘என்’-இலிருந்து ‘டி’-க்கு மாற்றுங்கள். வண்டி ஒரு சின்ன உதறல் கொடுக்கும் வரை எத்தனை நேரம்? டொயோட்டாவின் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகள் ‘டி’-க்கு 1.2 நொடி, ‘ஆர்’-க்கு 1.5 நொடி என்று எல்லை வைத்திருக்கின்றன. சூட்டிலும் அதைத் தாண்டினால் தேய்மானம் தொடங்கிவிட்டது.

கராஜுக்குப் போவதற்கு முன் இன்னொன்று. பழைய டொயோட்டா பலவற்றில் ஆக்ஸிலரேட்டரின் திறப்பைக் கியர்பாக்ஸுக்குச் சொல்ல ஒரு மெல்லிய கேபிள் போகும். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. கேபிள் தளர்ந்தால் என்ஜின் முழு பலத்தோடு இழுக்கும்போது பெட்டி அரை அழுத்தத்தில் நிற்கும். கிளட்ச் வழுக்காமல் என்ன செய்யும்? என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க, இன்னொருவர் பொனெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். கேபிளில் உள்ள சின்ன உலோக ஸ்டாப்பருக்கும் ரப்பர் உறையின் நுனிக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். கூடியிருந்தால் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். சாமான் செலவே இல்லை. ஆக்ஸிலரேட்டர் கேபிளை யாரோ மாற்றிய கையோடு இதையும் கலைத்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. கார்பரேட்டரிலோ த்ராட்டில் பாடியிலோ வேலை நடந்த பிறகு ஸ்லிப் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் கொண்டுவந்த 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியிலும் இதே கேபிள் உண்டு. அதைத் தவறாகப் பொருத்தி ஓட்டியே மூன்று, நான்காம் கியர் கிளட்ச்சைக் கருக்கிய கதைகள் அங்கே ஏராளம்.

கே: எனக்கு நேர்மாறு. காலையில் ஜம்மென்று போகிறது, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் வழுக்குகிறது. (மதுரை)

ப: சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகிறது. தேய்ந்த பம்ப்பும் தேய்ந்த வளையங்களும் கெட்டியான எண்ணெயைப் பிடித்துவைக்கும், நீர்த்ததைக் கசிய விடும். கூலர் அடைத்திருந்தால் சூடு இன்னும் ஏறும். ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. மலையில் ஓவர்டிரைவை அணைத்துவிட்டு ஏறுங்கள். வழுக்கத் தொடங்கினால் ஓரங்கட்டி, ‘பி’-யில் போட்டு என்ஜினை ஓடவிட்டு ஆறவையுங்கள். ஊர் திரும்பியதும் பிரஷர் கேஜ் மாட்டி அளக்கத் தெரிந்தவரிடம் போங்கள். பெட்டியின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு பிளக் இருக்கிறது. பல டொயோட்டா பெட்டிகளில் ஐட்லிங்கில் ‘டி’-யில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அளவில் காட்ட வேண்டும், ‘ஆர்’-இல் அதைவிடக் கூட. கேஜ் மாட்டாமலே “கிளட்ச் போச்சு” என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கே: ஸ்லிப்பை நிறுத்தும் மருந்து என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே? (ஈரோடு)

ப: இறுகிய சீலை ஊறவைத்து உப்பச் செய்யும் ரசாயனம். சில மாதம் பிடிக்கலாம். பிறகு சீல் கொழகொழத்துவிடும். தேய்ந்த தட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்துக்கு எண்ணெயும் ஃபில்டரும் வாங்குங்கள்.

கே: பழைய ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் மாற்றினால்தான் கெட்டுப்போகும், தொடாதே என்கிறார்களே எல்லோரும்? (திருச்சி)

ப: எண்ணெய் மாற்றி அடுத்த வாரமே பெட்டி நின்றுபோனதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் அவர்கள் எப்போது மாற்றினார்கள்? வழுக்கத் தொடங்கி, பயந்துபோன பிறகு. அந்தப் பெட்டி எப்படியும் போயிருக்கும். பழி எண்ணெய் மேல் விழுந்துவிட்டது.

வழுக்காத பெட்டியாக இருந்தால், எத்தனை வயதானாலும் மாற்றுங்கள். இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு அலசித் தள்ளுவதை மட்டும் பழைய பெட்டியில் நான் ஒப்பமாட்டேன். தங்கிக் கிடக்கும் கசடு கிளம்பி, எண்ணெயை வழிநடத்தும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைக்கும். டிரெய்ன் பிளக்கைத் திறந்து வடித்து, வடிந்த அளவே ஊற்றுங்கள். பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும். மீதி, என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் உள் வழிகளிலும் நின்றுவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி வடியுங்கள், பிறகு இன்னொரு முறை. பொறுமையாகச் செய்தால் பெட்டிக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை.

கே: என் பழைய புரோட்டோன் வீராவில் கியர் எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் வருகிறது. பட்டறையில் “புது எண்ணெய் இப்படித்தான்” என்கிறார்கள். (கிள்ளான், மலேசியா)

ப: வண்டியை இப்போதே நிறுத்துங்கள். புது எண்ணெய் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பு. ரோஸ்மில்க் நிறம் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயேதான் இருக்கிறது. அந்தச் சுவர் அரித்தால் இரண்டும் கலக்கும். உராய்வுத் தட்டின் மேல் இருப்பது காகித வகைப் பொருள், பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்துவிடும். ரேடியேட்டரை மாற்றி, உடனே பலமுறை அலசினால் சிலது பிழைக்கும். ஒரு வாரம் ஓட்டினால் பிழைக்காது.

கே: ‘டி’-யில் போட்டால் நகரவே இல்லை. ‘எல்’-இல் போட்டால் நகர்கிறது, ரிவர்ஸும் போகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது! (நாகர்கோவில்)

ப: நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறீர்கள். ‘எல்’-இல் இழுக்கிறது என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, முன்னோக்கிப் போகும் கிளட்ச்சும் பிடிக்கிறது. பழைய பெட்டிகளில் ‘டி’-யின் முதல் கியருக்கு ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொள்ளும் ஒன்-வே கிளட்ச்தான் தாங்கல். ‘எல்’-இல் வேறொரு பேண்டோ (இறுக்கும் பட்டை) கிளட்ச்சோ சேர்ந்து பிடிக்கும். ஆகவே போனது ஒன்-வே கிளட்ச். பெட்டியை இறக்க வேண்டியதுதான். ஆனால் எதைத் தேடி இறக்குகிறோம் என்று உங்களுக்கும் மெக்கானிக்குக்கும் தெரிகிறது. அதுவே பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

கே: சான்ட்ரோ ஆட்டோமேட்டிக். 60, 70 வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது இருக்கை வரை நடுங்குகிறது. ஸ்லிப்பா? எண்ணெய் போன மாதம்தான் மாற்றினேன். (அம்பத்தூர்)

ப: என்ன எண்ணெய் என்று கேன் வைத்திருக்கிறீர்களா? அந்தக் காலத்து ஹூண்டாய், மிட்சுபிஷி பெட்டிகளுக்கு எஸ்பி-3 வகை எண்ணெய் வேண்டும். கடைக்காரர் “எல்லாம் ஏ.டி.எஃப். தான்” என்று டெக்ஸ்ரானைக் கொடுத்திருந்தால் நடுக்கம் வரும். உராய்வின் தன்மையே வேறு. சோதனை இதுதான்: நடுங்கும்போது ஆக்ஸிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். நடுக்கம் சட்டென்று நின்றால் அது டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச். பிரேக் விளக்கு எரியும்போது லாக்-அப் விடுபட்டுவிடும், அதனால்தான். எண்ணெயைச் சரியான வகைக்கு மாற்றிப் பாருங்கள். இதற்காகப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கே: ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்கிறான் பேரன். உண்மையா? (நாகப்பட்டினம்)

ப: உண்மை. அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய்தான் உராய்வைப் பதப்படுத்தும் சேர்மானம். தட்டுகள் அதிராமல் மெல்லப் பிடிக்க அது உதவியது, சூட்டையும் தாங்கியது. திமிங்கிலங்கள் அழிகின்றன என்று அமெரிக்கா தடை போட்ட பிறகு வேதியியலாளர்கள் மாற்று தேடினார்கள். டெக்ஸ்ரான்-2 அப்படிப் பிறந்தது. முதலில் வந்த கலவை ஆயில் கூலரின் இணைப்புகளை அரித்ததால் மறுபடி திருத்தினார்கள். ஒரு கியர்பாக்ஸ் மிருதுவாக மாற ஓர் உயிரினம் விலை கொடுத்துக்கொண்டிருந்தது என்பது மனதை உறுத்துகிறது. பேரனிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கே: பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். ஸ்டால் டெஸ்ட் வீட்டுக் காரில் செய்து பார்க்கலாமா? (கோவை)

ப: எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, ஆசிரியரோடு செய்யுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இடது காலால் பிரேக்கை முழுக்க அழுத்தி, ‘டி’-யில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஆர்.பி.எம். எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. ஐந்து நொடிக்கு மேல் கூடாது. அந்த ஐந்து நொடியில் என்ஜினின் மொத்த பலமும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. முடிந்ததும் ‘என்’-இல் வைத்து ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

கையேட்டு அளவைவிட ஆர்.பி.எம். அதிகமாகப் போனால் கிளட்ச்சோ பேண்டோ வழுக்குகிறது. குறைவாக நின்றால் கியர்பாக்ஸை விடுங்கள், என்ஜினுக்கு பலமில்லை அல்லது டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டேட்டர் பிடிக்கவில்லை. ‘டி’-யில் மட்டும் அதிகமா, ‘ஆர்’-இல் மட்டுமா, இரண்டிலுமா? இரண்டிலும் என்றால் இரண்டுக்கும் பொதுவான அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் வால்வு. ஒன்றில் மட்டும் என்றால் அந்த கியருக்கு உரிய கிளட்ச். பெட்டியைத் திறக்காமலே உள்ளே எது போயிருக்கிறது என்று சொல்ல முடிவதுதான் இந்தத் தொழிலின் அழகு. ஏற்கெனவே மோசமாக வழுக்கும் வண்டியில் மட்டும் செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும்.

கே: 2003 ஹோண்டா ஒடிசி வேன் மலிவாக வருகிறது. ஓட்டம் அதிகம். வாங்கலாமா? (ஸ்கார்பரோ, கனடா)

ப: 2004 ஏப்ரலில் ஹோண்டா அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, 2003 ஒடிசியும் அதில் இருந்தது. இரண்டாம் கியருக்குப் போதிய எண்ணெய் சேராமல் சூடேறி, பல் உடைந்து, பெட்டி பூட்டிக்கொள்ளும் ஆபத்து. எண்ணெய் பீய்ச்சும் ஜெட் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள், சூட்டில் நிறம் மாறியிருந்தவற்றுக்குப் பெட்டியையே மாற்றினார்கள். இந்த வண்டிக்கு அந்த வேலை நடந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொண்டு விசாரியுங்கள். நடந்ததற்குச் சான்று இல்லையென்றால் வேண்டாம்.

கே: 1980-களின் பென்ஸ், பெட்ரோல். கியர் எண்ணெய் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை. (ஊட்டி)

ப: பெட்டியில் ஒரு சின்ன வட்டமான வாக்குவம் மாடுலேட்டர் இருக்கும். உள்ளே உள்ள சவ்வு கிழிந்தால் என்ஜின் கியர் எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். அதன் வாக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாடுலேட்டரை மாற்றுங்கள், எண்ணெயை நிரப்புங்கள், முடிந்தது.

கே: ஓவர்ஹால் செய்வதா, ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் காரின் பெட்டியை வாங்கிப் போடுவதா? (ஈப்போ, மலேசியா)

ப: உங்கள் வண்டிக்கு உதிரிபாகம் கிடைத்து, திறந்து கட்டத் தெரிந்த கை இருந்தால் ஓவர்ஹால். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஹாஃப்-கட். அந்தப் பெட்டி எவ்வளவு ஓடியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எண்ணெயின் நிறத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஓவர்ஹால் என்றால் எதையெல்லாம் செய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். சீல், கேஸ்கெட் மட்டுமா, தட்டுகளும் சேர்த்தா? வால்வு பாடியைப் பிரித்துக் கழுவுவார்களா? டார்க் கன்வெர்ட்டர்? பழைய கறுப்பு எண்ணெய் லிட்டர் கணக்கில் அதற்குள்ளேதான் நிற்கிறது. கூலரையும் அதன் குழாய்களையும் அலசுவார்களா? புதிதாகக் கட்டிய பெட்டிக்குள் முதல் நாளே பழைய துகள்கள் திரும்பி வந்தால், ஆறு மாதத்தில் மறுபடி அதே கதை. எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று: இந்த கிளட்ச் ஏன் எரிந்தது? கேபிளா, கசிவா, அடைத்த கூலரா? காரணத்தைச் சொல்ல முடியாதவர் தட்டை மட்டும் மாற்றித் தருவார், காரணம் வண்டியிலேயே தங்கிவிடும். எரிந்த பழைய தட்டுகளைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கே: செலரியோ ஏ.எம்.டி. வழுக்குகிறது. மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்துமா? (தஞ்சாவூர்)

ப: பொருந்தாது. 2014-இல் வந்த அந்தப் பெட்டி சாதாரண மேனுவல்தான். கிளட்ச்சையும் கியரையும் ஒரு ரோபோ இயக்குகிறது. உள்ளே இருப்பது உலர்ந்த கிளட்ச் தட்டு. தேய்ந்தால் மாற்றிவிட்டு ஸ்கேனர் வைத்து அளவைப் பழக்க வேண்டும்.

கே: என் சன்னி ஆட்டோமேட்டிக் வழியில் முழுக்க நின்றுபோனால் கயிறு கட்டி இழுத்து வரலாமா? தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? (நுவரெலியா)

ப: இரண்டும் வேண்டாம். பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுற்றும். என்ஜின் நின்றிருக்கும்போது சக்கரம் உருண்டால் உள்ளே பாகங்கள் எண்ணெயில்லாமல் உரசும். தள்ளினாலும் அழுத்தம் உண்டாகாது, கிளட்ச் பிடிக்காது, என்ஜின் சுற்றாது. 1960-களின் நடுப்பகுதி வரை சில அமெரிக்கப் பெட்டிகளில் பின்பக்கம் இரண்டாவது பம்ப் இருந்தது, அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிந்தது. உங்கள் சன்னியில் அது கிடையாது. ஃப்ரண்ட் வீல் டிரைவ் என்பதால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கும் வண்டியைக் கூப்பிடுங்கள், பின்சக்கரத்தின் ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு.

கே: ஸ்லிப் ஆகும்போது என் வீட்டுக்காரர் இன்னும் அழுத்தி மிதிக்கிறார். “மிதிச்சாதான் பிடிக்கும்” என்கிறார். (சேலம்)

ப: அவர் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தட்டுகள் இன்னும் வேகமாக உரசிக் கரிகின்றன அம்மா. காலை எடுத்துவிட்டு, பிடித்த பிறகு மெல்லக் கொடுக்கச் சொல்லுங்கள். இன்று மாலையே டிப் ஸ்டிக்கைப் பார்க்கட்டும். பார்க்கும் வரை சாவி உங்களிடம் இருக்கட்டும்.